16 அடி அலுமினிய வள்ளம் வாங்கிவிட்டேன், முதலில் எதற்குச் செலவழிப்பது?

வடகடல், ஸ்காபரோ:

வணக்கம் எல்லோருக்கும். மூன்று வருடமாக மற்றவர்களுடைய வள்ளத்தில் இடம் கேட்டு ஏறி, கடைசியில் போன கிழமை நானே ஒன்று வாங்கிவிட்டேன். 16 அடி அலுமினியம், ஆணி அடித்த உடம்பு (தகடுகளை ரிவெட் ஆணியால் பொருத்தியது), 2004ஆம் ஆண்டு செய்தது. பின்னால் 40 குதிரைவலு நாலு ஸ்ரோக் எஞ்சின், கீழே ஒற்றை அச்சு றெய்லர். ஒரிலியாவில் ஒரு வயதானவர் விற்றார். இரண்டு வருடமாகத் தண்ணீரில் இறக்கவில்லை என்பதை அவரே சொன்னார். முற்றத்தில் தண்ணீர்க் குழாயைப் பூட்டி ஸ்ரார்ட் பண்ணிக் காட்டினார், மூன்றாம் தரம் பிடித்தது, சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

கையில் இன்னும் 3,000 டொலர் இருக்கிறது. 9 அங்குலத் திரையோடு மீன் காட்டும் கருவி ஒன்று, அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பூட்டுகிற ட்ரோலிங் மோட்டர் என்ற சின்ன மின்மோட்டர் ஒன்று (ஜிபிஎஸ் வைத்து ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிற வகை), இரண்டு நல்ல இருக்கை, தூண்டில் தாங்கிகள், இதெல்லாம் மனதில் இருக்கிறது. தரைப்பலகை ஒரு இடத்தில் மிதித்தால் மெத்தென்று இறங்குகிறது, அதற்கு மேலே ஒரு புதுப் பலகையை அடித்து விரிப்பை ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். மே மாதம் சிம்கோ ஏரியில் இறக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கடல்தொழில் செய்தவர். 1990இல் அங்கிருந்து வெளிக்கிட்ட பிறகு அவர் வள்ளம் ஏறியதே இல்லை. இதைக் கொண்டுவந்து விட்ட அன்று பின்னேரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, அணியத்திலிருந்து பின்பலகை வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போனார். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அதை வீட்டுப் பக்கமாகத் தள்ளினோம், ஒரு அடி நகர்த்தவே மூச்சு வாங்கியது. "அலுமினியம் எண்டு சொன்னாய், ஏன் இந்தப் பாரம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போகத்தான் இதை வாங்கினேன், ஆகையால் பிழை விடாமல் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்க?


சிம்கோ_அண்ணை, நியூமார்க்கெட்:

தம்பி, வாழ்த்துகள். அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம், நீர் எழுதியதில் பெறுமதியான வரி அதுதான். மெத்தென்று இறங்கும் தரை, இரண்டு பேர் தள்ளியும் அசையாத பாரம், இரண்டு வருடம் வெளியில் நின்ற வள்ளம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, உம்முடைய வள்ளத்தின் வயிற்றில் தண்ணீர் இருக்கிறது.

இந்த வகை வள்ளங்களில் தரைப்பலகைக்குக் கீழே மிதவைக்காக நுரை அடைத்திருப்பார்கள். வள்ளம் தண்ணீர் நிறைந்து போனாலும் தாழாமல், நாங்கள் பிடித்துக்கொண்டு கிடக்கிற அளவுக்காவது வைத்திருப்பது அந்த நுரைதான். மழையிலும் பனியிலும் மூடாமல் நின்றால் அது மெல்ல மெல்லத் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். மாரியில் அந்தத் தண்ணீர் உறைந்து நுரையை உள்ளுக்குள்ளேயே உடைக்கும், அடுத்த வருடம் இன்னும் கூடப் பிடிக்கும். வெயிலில் விட்டால் காய்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், மேலே பலகை மூடிக்கிடக்க அது காயவே காயாது. வள்ளத்துக்குள்ளே ஒரு தகடு ஒட்டியிருக்கும், இத்தனை ஆள், இத்தனை கிலோ, இத்தனை குதிரைவலு என்று. அது காய்ந்த வள்ளத்துக்குப் போட்ட கணக்கு. நுரை 200 கிலோ குடித்திருந்தால், நீங்கள் ஏற முதலே இரண்டு மூன்று பேர் ஏறி இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குப்பை எடுக்கிற நிலையங்களில் வாகன நிறுவை இருக்கும், கேட்டுப் பார்த்து ஒரு தரம் வள்ளத்தோடு றெய்லரை நிறுத்துப் பாரும். உம்முடைய அளவு வள்ளம், எஞ்சின், றெய்லர், பற்றரி எல்லாம் சேர்த்து 600 கிலோவைச் சுற்றி வர வேண்டும். நிறையக் கூட வந்தால் தரையைக் கழற்றத்தான் வேண்டும். பழைய பலகைக்கு மேலே புதுப் பலகை அடிக்கிற யோசனையை இன்றைக்கே விட்டுவிடும், அது புண்ணுக்கு மேலே சட்டை போடுகிற வேலை.

தரையைக் கழற்றினால் இரண்டு விஷயத்தை நல்லாக ஞாபகம் வைத்திரும். ஒன்று, மருந்து ஏற்றிய பச்சைப் பலகை வாங்க வேண்டாம். தோட்டத்து வேலிக்கும் மேடைக்கும் விற்கிறார்களே, அதுதான். உக்காது என்று நினைத்துப் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, ஈரத்தில் அலுமினியத்தோடு தொட்டுக்கொண்டு கிடந்தால் தகட்டை அரித்துவிடும். மரைன் பிளைவுட் அல்லது வெளிவேலைக்கான நல்ல பிளைவுட் எடுத்து, ஆறு பக்கத்துக்கும் எபொக்சி பூசி, துருப்பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் திருகாணியால் பூட்டும். ஓரம் வெட்டிய முகத்துக்கு இரண்டு தரம் பூச வேண்டும், தண்ணீர் ஏறுவது அந்த வழியால்தான்.

இரண்டாவது, அடியில் கிடக்கிற குப்பையை எல்லாம் பொறுக்கி எடும். போன வருடம் ஒருவருக்குத் தரை கழற்ற உதவி செய்யப் போனேன். அடித் தகட்டில் ஒரு பழைய ஒரு சத நாணயம் ஒட்டிக்கிடந்தது, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள். நகத்தால் கிளப்பினால் வரவில்லை, திருப்புளியால் நெம்பினேன். நாணயம் இருந்த வட்டத்தில் அப்படியே குழி, குழியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம். செம்பும் அலுமினியமும் ஈரமும் சேர்ந்தால் அவ்வளவுதான். ஈயக் குண்டுகளும் அதே வேலையைச் செய்யும், ஒன்றையும் விட வேண்டாம்.

ஒழுக்கு இருக்கா என்று பார்க்க, வள்ளம் றெய்லரில் நிற்கும்போதே உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடும். அதுக்கு மேலே வேண்டாம், பாரம் தாங்காது. கீழே படுத்துப் பார்த்து, துளி விழுகிற ஆணிகளைச் சோக்கால் வட்டம் போடும். பிறகு தண்ணீரை இறக்கி, ஒருவர் ஒரு பக்கம் கனமான இரும்புக் கட்டியை ஆணியோடு அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபக்கத்தில் அடிக்க வேண்டும். பலமாக அல்ல, அளவாக. அதுக்கும் நிற்காத ஆணிக்கு எபொக்சி.

பின்பலகையையும் சோதியும். எஞ்சினைப் பாதி தூக்கிய நிலையில் அதன் கீழ்ப் பகுதியைப் பிடித்து ஆட்ட, இன்னொருவர் பலகையை உற்றுப் பார்க்க வேண்டும். எஞ்சினோடு பலகையும் அசைந்தால் உள்ளே மரம் உக்கிவிட்டது. சுத்தியல் பிடியால் தட்டினால் இறுக்கமான சத்தம் கேட்க வேண்டும், தப்பென்று அமுங்கிக் கேட்டால் நல்லதல்ல. 40 குதிரைவலு அந்தப் பலகையில்தான் தொங்குகிறது தம்பி.

9 அங்குலத் திரையைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்போம்.


நாகை_மிசிசாகா:

அண்ணன் படகைப் பற்றி எல்லாம் சொல்லிட்டார், நான் டிரெய்லரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் கவனிக்கிறதே இல்லை. படகு வருஷத்தில் இருபது நாள் தண்ணீரில் கிடந்தால் பெரிய விஷயம். டிரெய்லர் அந்த இருபது நாளும் போக வர நூறு நூறு கிலோமீட்டர் ஓடுகிறது, அதுவும் 100 கிலோமீட்டர் வேகத்தில்.

2019 ஜூலையில் பாரியைத் தாண்டி நெடுஞ்சாலை 400இல் போய்க்கொண்டிருந்தேன். கூட என் மகன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது. கண்ணாடியில் பார்த்தால் வலது சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. ஓரம் கட்டி இறங்கினேன், கிரீஸ் தீய்ந்த நாற்றம், சக்கர மூடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சுர்ரென்று ஆவியாகிப் போனது. பேரிங் உள்ளேயே உடைந்து அச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் சக்கரமே கழன்று பின்னால் வருகிறவன் மேல் போயிருக்கும். இத்தனைக்கும் இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு கடையில் பேரிங் சர்வீஸ் என்று காசு கொடுத்து ரசீது வாங்கியிருந்தேன். பின்பக்க சீல், அதாவது தண்ணீர் புகாமல் தடுக்கிற வளையம், அதை மாற்றாமல் வெளியிலிருந்து கிரீஸ் மட்டும் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

இது ஏன் நடக்கிறது என்றால், நூறு கிலோமீட்டர் ஓடி வந்த சக்கரக் குடம் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் சரிவில் இறக்கிக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும், பழைய சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால் துறைக்கு வந்ததும் பதினைந்து இருபது நிமிஷம் நிறுத்தி வையுங்கள், அந்த நேரத்தில் சாமான்களை அடுக்கலாம். டிரெய்லர் விளக்கின் பிளக்கையும் இறக்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், சூடான பல்ப் தண்ணீரில் பட்டால் வெடிக்கும்.

நீங்கள் வாங்கிய டிரெய்லரில் பேரிங் எப்போது மாற்றியது என்று தெரியாது, ஆகவே பழசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வந்தால் போச்சு. இரண்டு பக்கமும் புது பேரிங், புது சீல், கடல் வேலைக்கான கிரீஸ். பொருள் செலவு நூறு நூற்றைம்பது டாலருக்குள் முடியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1412 என்று இருந்தால் 2012ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. பள்ளம் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் அந்த டயரை நம்பாதீர்கள், ரப்பர் வெயிலில் செத்துப்போயிருக்கும். ஸ்டெப்னி ஒன்று கட்டாயம், அதைக் கழற்றும் சாவி உங்கள் காரில் இருக்கிற சாவிதானா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை, நான் எலக்ட்ரீஷியன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய படகில் முந்தைய ஆள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். ஈயம் பூசிய செம்பு வயர், சுருங்கும் உறை போட்ட இணைப்பான், பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ். தண்ணீர் இறைக்கும் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸோடு பேட்டரியில் நேராகச் சேர வேண்டும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அது வேலை செய்யணும். டிரோலிங் மோட்டார் எடுத்தால் அதற்குத் தனி பேட்டரி. 55 பவுண்ட் உந்துதல் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும், மெல்லிசு வயர் போட்டால் வயர்தான் ஹீட்டர். எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரியோடு அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப முடியாது.


வடகடல்:

அண்ணை, நாகை அண்ணா, இருவருக்கும் நன்றி. நிறுத்துப் பார்த்தேன். 810 கிலோ. நிறுவையில் இருந்த பெடியனிடம் திருப்பியும் கேட்டேன், அதேதான் என்றான். அப்பாவிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார்.

சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். இடது பக்கம் பரவாயில்லை, வலது பக்கம் நாகை அண்ணா சொன்ன அதே மணல் சத்தம். ரயரில் 2211 என்று இருக்கிறது. ஆகவே ரயர், பேரிங், தரை மூன்றும் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை தரையைக் கழற்றத் தொடங்குகிறோம்.

எஞ்சினுக்கு என்ன செய்வது? ஒரு இடத்தில் விசாரித்தேன், ஜூன் வரைக்கும் திகதி இல்லை என்றார்கள். நானே செய்யக்கூடியது எவ்வளவு?


தூண்டில்காரி, ஏஜாக்ஸ்:

கனக்கச் செய்யலாம். நான் பத்து வருடமாக என்னுடையதை நானேதான் பார்க்கிறேன், ஒன்ராறியோ ஏரியில் சால்மனுக்குப் போகிற வள்ளம், கரையிலிருந்து எட்டுப் பத்துக் கிலோமீற்றர் வெளியே நிற்பேன், எஞ்சினை நம்பாமல் அங்கே நிற்க முடியாது.

முதல் வேலை கியர் ஒயில். காற்றாடிக்கு முன்னால் கீழே ஒரு திருகாணி, மேலே ஒரு திருகாணி. கீழ் ஆணியைக் கழற்றி, பிறகு மேல் ஆணியைக் கழற்றினால் ஒயில் இறங்கும். அதன் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு அல்லது தேன் நிறமென்றால் சரி. பால் ஊற்றிய தேநீர் மாதிரி வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, அதைச் சரிபண்ணாமல் ஓடக்கூடாது. புது ஒயிலைக் கீழ் ஓட்டையால்தான் பம்ப் பண்ண வேண்டும், மேல் ஓட்டையால் வழியும்வரைக்கும். வழிந்ததும் முதலில் மேல் ஆணியை இறுக்கி, பிறகு பம்பை எடுத்துச் சட்டென்று கீழ் ஆணியைப் போடுங்கள். மேலாலே ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடும். ஆணிகளின் சின்ன வளையங்கள் இரண்டையும் புதிதாகப் போடுங்கள், சில டொலர்தான்.

அதோடு காற்றாடியையும் கழற்றிப் பாருங்கள். அச்சில் தூண்டில் நைலோன் சுற்றிக்கிடக்கும், எனக்கு இது இரண்டு தரம் நடந்தது. வெளியே தெரியாது, உள்ளே சுற்றிச் சுற்றிச் சூடாகி அந்தச் சீலைத்தான் வெட்டும். வருடத்தில் இரண்டு தரமாவது கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசிப் பூட்ட வேண்டும்.

அடுத்தது தண்ணீர் பம்புக்குள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர். இரண்டு வருடம் ஓடாமல் நின்ற எஞ்சினில் அதன் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்தே இறுகிப் போயிருக்கும். எஞ்சின் ஓடும்போது பின்னால் ஒரு சின்னத் தாரை தண்ணீர் பீச்சும், அது பலமாக வருகிறதா, கை வைத்தால் இளஞ்சூடா என்று ஒவ்வொரு தரமும் பார்க்கப் பழகுங்கள். ஆனால் இப்போது நல்லாகப் பீச்சினாலும் மாற்றிவிடுங்கள், அதன் வயது உங்களுக்குத் தெரியாது. கீழ்ப் பாதியை இறக்கிச் செய்கிற வேலை, கியர் மாற்றும் கம்பியைத் திரும்பப் பொருத்துவதுதான் கொஞ்சம் பொறுமை வேண்டியது, உங்கள் எஞ்சின் புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஸ்ரார்ட் பண்ண வேண்டாம், புது இம்பெல்லரும் கருகிவிடும்.

பெற்றோலில்தான் பாதிப் பிரச்சினை. இரண்டு வருடம் நின்ற பெற்றோலை ஒரு சொட்டும் விடாமல் எடுத்துவிடுங்கள். எதனோல் கலந்தது தண்ணீரை இழுக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் அது பிரிந்து அடியில் தங்கும், குழாய் அந்த அடியிலிருந்துதான் உறிஞ்சும். எதனோல் இல்லாத பெற்றோல் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் புதிதாக அடித்ததும் பெற்றோல் கெடாமல் வைத்திருக்கிற ஸ்ரெபிலைசர் ஊற்றுங்கள். எரிபொருள் வடிகட்டி, ஸ்பார்க் பிளக், எஞ்சின் ஒயில், ஒயில் வடிகட்டி எல்லாம் புதிது. கையால் அமுக்குகிற ரப்பர்க் குமிழைப் பாருங்கள், அதன் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும், நாலைந்து தரம் அமுக்கினால் இறுக வேண்டும். இறுகாவிட்டால் எங்கேயோ காற்று வாங்குகிறது, முழுக் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

இலையுதிர் காலத்துக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். கியர் ஒயிலை ஒக்ரோபரில் மாற்ற வேண்டும், வசந்தத்தில் அல்ல. உள்ளே தண்ணீர் இருந்தால் மாரியில் உறைந்து அந்தக் கூட்டையே வெடிக்க வைக்கும். எஞ்சினை நிமிர்த்தியபடி கீழே இறக்கி வைத்தால் மிச்சத் தண்ணீர் வடியும், தூக்கி வைத்தால் காற்றாடிப் பக்கத்தில் தேங்கி உறையும். பற்றரியைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் ஏற்றி வையுங்கள், சார்ஜ் இறங்கிய ஈயப் பற்றரி சில பாகை குளிருக்கே உறைந்து பிளக்கும். லிதியம் வாங்கினால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்ற வேண்டாம், கெட்டுப்போகும்.


குயின்டிப்பக்கம், பெல்வில்:

எல்லோரும் மீன் காட்டும் கருவியை ஒத்திப்போடச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறி நிற்கிறேன். 9 அங்குலம் வேண்டாம், ஆனால் 5 அங்குலத்தில் பழையது ஒன்றாவது முதல் நாளே இருக்கட்டும். மீனுக்காக அல்ல. தெரியாத ஏரியில் ஆழம் தெரியாமல் 40 குதிரைவலுவோடு போகக்கூடாது, பாறையில் அடித்தால் இதுவரை செய்த எல்லா வேலையும் போச்சு. பின்பலகையில் நேராகத் துளை போடாமல் முதலில் ஒரு பிளாஸ்டிக் பலகைத் துண்டைப் பூட்டி, அதன்மேல் சென்சரைப் பூட்டுங்கள். சரியான உயரம் கிடைக்க நாலு தரம் மாற்ற வேண்டி வரும், துளை எல்லாம் அந்தத் துண்டோடு போகட்டும். ஆணி வரிசைக்கு நேர் பின்னால் வைக்க வேண்டாம், அங்கே தண்ணீர் நுரைத்து வரும், ஓடும்போது திரையில் ஒன்றும் தெரியாது.

இனி முக்கியமானது. மே மாதத்தில் சிம்கோ என்கிறீர்கள். வெளியே 20 பாகை வெயிலாக இருக்கும், தண்ணீர் 7, 8 பாகையில் நிற்கும். மானிடோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்த உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பல வருடம் ஆராய்ந்தவர், தன்னையே உறைநீரில் இறக்கிச் சோதித்தவர். 1, 10, 1 என்பது அவர் சொன்ன கணக்கு. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறி இழுக்கும், அதை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கையும் காலும் சொல்வழி கேட்கும். உடம்புச் சூடு இறங்கி மயங்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பலர் அந்த முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துப் போய்விடுகிறார்கள், நீந்தத் தெரிந்தவர்களும்தான். ஆளுக்கொரு மிதவை அங்கி வள்ளத்தில் இருந்தால் சட்டத்துக்குப் போதும், உயிருக்கு அது போதாது. அப்பா கடலில் வளர்ந்தவர், அங்கி வேண்டாம் என்றுதான் சொல்வார். என்னுடைய மாமாவும் அப்படித்தான் சொன்னார். நான் அவர் அங்கி போடும்வரைக்கும் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்தேன், இப்போது அவரே முதலில் போடுகிறார். அங்கே கடல் 28 பாகை, இங்கே அது இல்லை என்பதை அவரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், விளங்கிக்கொள்வார்.

6 மீற்றருக்கு உட்பட்ட வள்ளத்தில் வேறு என்ன இருக்க வேண்டும் என்றால், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறோடு நங்கூரம், தண்ணீர் இறைக்க வாளி அல்லது கைப்பம்ப், தண்ணீர் புகாத டோர்ச் அல்லது ஆபத்தில் கொளுத்திக் காட்டுகிற எரிவெளிச்சம் மூன்று, விசில். பெற்றோல் தாங்கி நிரந்தரமாகப் பூட்டியதென்றால் தீயணைப்பான். இருட்டுக்குள் ஓடினால் விளக்குகள். துடுப்பா நங்கூரமா என்று யோசிக்காமல் இரண்டையும் வையுங்கள். ஓட்டுகிறவருக்கு வள்ளம் ஓட்டுவதற்கான ஓட்டுநர் அட்டை வேண்டும், ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். 10 குதிரைவலுவுக்கு மேல் என்பதால் வள்ளத்துக்கும் உரிம இலக்கம் இருக்கும், அதை உங்கள் பேருக்கு மாற்றி, அணியத்தின் இரண்டு பக்கமும் குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் ஒட்ட வேண்டும். மீன்பிடி அனுமதி உங்களுக்கு வேண்டும். அப்பா 65 தாண்டிய கனடாவாசி என்றால் வாங்கத் தேவையில்லை, வயதைக் காட்டும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கட்டும்.

ஏரியை விட்டு வெளியே எடுத்ததும் வள்ளத்தின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்கும் பிளக்கைக் கழற்றி, மீன் தொட்டித் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் வடித்து, ஒட்டிய பாசியை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் தெருவில் ஏற வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம். வள்ளங்களோடு ஒட்டி ஏரிக்கு ஏரி பரவுகிற சீப்ரா சிப்பி இந்த ஏரிகளுக்குள் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் அது போகாத சின்ன ஏரிகள் வடக்கே நிறைய இருக்கின்றன. கழற்றிய பிளக்கை கார்ச் சாவியோடு சேர்த்துக் கொழுவி வையுங்கள், இறக்கும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.


வடகடல்:

தரை கழன்றுவிட்டது. திருகாணி பாதிக்கு மேல் தலை தேய்ந்துவிட்டது, கிறைண்டரால் வெட்டித்தான் எடுத்தோம். கீழே நுரை, மேலே பார்க்க மஞ்சளாகக் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. கையை விட்டு ஒரு துண்டைப் பிடுங்கினேன், தேநீரில் ஊறிய பாண் மாதிரி, பிழிந்தால் தண்ணீர் முழங்கையால் ஓடியது. அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்துகொண்டு, பழைய பாண் வெட்டும் கத்தியால் கட்டி கட்டியாக வெட்டித் தந்தார், நான் மூட்டை கட்டினேன். பதினொரு மூட்டை. ஒன்றை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், 17 கிலோ.

பின்பலகை இறுக்கமாக இருக்கிறது, ஆடவில்லை. பிறகு தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஆறு ஆணிகள் ஒழுகின. சோக்கோடு கீழே படுத்தது அப்பாதான், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அடிக்கும்போது உள்ளேயிருந்து இரும்பைப் பிடித்ததும் அவர்தான், சத்தத்தை வைத்தே "காணும், இனி அடிச்சால் மெலியும்" என்று நிறுத்தச் சொல்கிறார். நாலு ஆணி அப்படியே நின்றுவிட்டது, இரண்டுக்கு எபொக்சி பூசியிருக்கிறோம். கியர் ஒயில் தேன் நிறம். காற்றாடிக்குப் பின்னால் நைலோன் இருந்தது.

மிதவை அங்கியும் வாங்கியாகிவிட்டது, அப்பாவுடையது சிவப்பு. வீட்டுக்குள்ளே ஒரு தரம் போட்டுப் பார்த்தார்.

இப்போது ஒரு கேள்விதான் மிச்சம். நுரைக்குப் பதிலாக என்ன வைப்பது? ஊற்றுகிற நுரையா, கட்டிடக் கடையில் விற்கிற இளஞ்சிவப்பு நுரைப்பலகையா?


சிம்கோ_அண்ணை:

ஊற்றுகிற நுரை வேண்டாம் தம்பி, அடியோடு ஒட்டிப் பிடித்துத் தண்ணீர் ஓடுகிற வழியை அடைத்துவிடும், இந்த வள்ளத்துக்கு முன்பு நடந்ததும் அதுதான். பலகையாக வெட்டி வைக்கிறதுதான் நல்லது. அந்த இளஞ்சிவப்புப் பலகை தண்ணீர் குடிக்காது, ஆனால் பெற்றோல் பட்டால் உருகிப் போகும், ஆகவே பெற்றோல் தாங்கி இருக்கிற பின்பகுதிக்கு மட்டும் பொலிஎதிலீன் நுரை எடும், மிச்ச இடத்துக்கு இளஞ்சிவப்புப் பலகையை வைக்கலாம். கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு வையும், தண்ணீர் பிளக் பக்கமாக ஓடி வர வேண்டும். எடுத்த நுரை எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு கன அளவு திரும்ப உள்ளே போக வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மே இரண்டாம் கிழமை, காற்றுக் குறைந்த ஒரு காலையாகப் பார்த்துச் சொல்லும், கெஸ்விக் துறையில் 6 மணிக்கு நான் என்னுடைய வள்ளத்தோடு நிற்கிறேன். முதல் அரை மணித்தியாலம் துறையில் கட்டி வைத்தே அடியில் தண்ணீர் வருதா என்று பார்ப்போம். பிறகு குக்ஸ் குடாவுக்குள்ளேயே, கரை தெரிகிற தூரத்தில், நான் முன்னால் போக நீங்கள் பின்னால் வாருங்கோ. அப்பாவுக்குக் கையுறை கொண்டு வாரும், அந்த நேரத்தில் கை விறைக்கும், எப்படியும் துடுப்பை அவர்தான் பிடிப்பார்.